உள்ளே ஒன்றுமில்லை

மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை
ஓல்டன்பர்க் நகரமன்றத்தின் பின்னறையில் உட்கார்ந்து
அண்டைவீட்டுச் சண்டைகளைக் கேட்பது என் வேலை.
நீதிபதி அல்ல நான்.
முப்பது வருடம் பேருந்து ஓட்டியவள்,
முதுகுக்குப் பின்னால் இருப்பவர்களைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவள்.
நீதிமன்றப் படியேறும் முன்
என் மேசைக்கு வந்தாக வேண்டும் இந்த வழக்குகள்.
வேலிச்செடி, சேவல், கரிப்புகை,
விழுந்த ஆப்பிள் யாருக்கு,
எல்லாம் அத்துப்படி.
கேமரா இதுதான் முதல்.

மனுதாரர் ஓர்ட்ரூன் பேலிங், வயது அறுபத்தொன்று.
எதிர்மனுதாரர் டெட்மார் குரூசே, பக்கத்து வீடு.

சீட்டுக்கட்டு போலப் புகைப்படங்களைப் பரப்பினாள் அவள்.
கூரை விளிம்பில் ஒரு வெள்ளைக் குமிழ்.
அதன் நடுவில் சிவப்புப் பொட்டு.
பகலிலும் எரிகிறது, மழையிலும்.
"என் சமையலறைக் கதவு, என் துணிக்கொடி,
நான் குப்பை கொட்டும் நேரம்,
எல்லாம் இவன் கணக்கில்."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு விதியை வாசித்தேன்:
உன் வாசலை நீ படம் பிடிக்கலாம்.
வேலி தாண்டிய ஓர் அங்குலமும் உன்னுடையதல்ல.
நடைபாதை எல்லோருக்கும் சொந்தம்,
ஆகவே அதுவும் கூடாது.

டெட்மார் பதில் பேசவில்லை.
துணிப்பையிலிருந்து அந்தக் குமிழையே எடுத்து மேசையில் வைத்தான்.
காலையில்தான் கழற்றினானாம்.
ஒரு நாணயத்தை விளிம்பில் கொடுத்துத் திருகினான்.
உள்ளே இரண்டு பென்சில் பேட்டரி,
ஒரு குட்டி விளக்கு,
செத்த சிலந்தி.

"பதின்மூன்று யூரோ.
சைக்கிள் திருடு போன வாரம் வாங்கினேன்.
சோளக்கொல்லைப் பொம்மைக்குக் குருவிதானே பயப்பட வேண்டும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.
வழக்கு முடிந்தது,
நாலரை மணி வண்டியைப் பிடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

ஓர்ட்ரூன் சிலந்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு மாதம்" என்றாள்.
"பதினோரு மாதம் என் தோட்டத்தில்
ஆய்வாளர் வந்த வகுப்பறை மாதிரி நடந்தேன்.
உள்ளாடைகளைக் குளியலறையில் காயப்போட்டேன்.
தக்காளிச் செடியோடு பேசுவதை விட்டேன்.
என் கணவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய இரவு
பின்வாசலில் வந்து நின்றேன்.
அழுகை தொண்டைவரை வந்தது.
அந்தச் சிவப்பைப் பார்த்தேன்.
விழுங்கிவிட்டேன்.
இப்போது உள்ளே ஒன்றுமில்லை என்கிறான்.
நான் விழுங்கியது யாருக்காக?"

ஆச்சரியம்தான், சட்டத்துக்கு இது தெரியும்.
பொம்மைக் கேமராவும் கூடாதென்று
சில தீர்ப்புகள் உண்டு:
பார்க்கிறார்களோ என்ற எண்ணமே ஒரு சுமை,
அதை அடுத்தவர் தலையில் ஏற்ற யாருக்கும் உரிமையில்லை.
சொல்ல வாயெடுத்தேன்.

டெட்மார் முந்திக்கொண்டான்,
மேசையைப் பார்த்தபடி.
"அன்றிரவு பார்த்தேன்.
இதில் அல்ல. மாடிப்படி ஜன்னலிலிருந்து.
நீலக் கம்பளிச் சட்டை. கையில் அவருடைய செருப்பு, ஒன்று மட்டும்.
வந்து கேட்கலாமா என்று நின்றேன்.
விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்."

ஜன்னல்களைப் பற்றி என் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.
வெப்பக்குழாய் கடகடத்தது.

"செருப்பா?" என்றாள் ஓர்ட்ரூன்.
"எனக்கு நினைவே இல்லையே. எந்தக் கால்?"

"இடது."

படிவத்தில் எழுதினேன்:
கருவி மீண்டும் பொருத்தப்படாது.
செலவு ஐம்பது யூரோ, சரிபாதி.
மற்றதற்கு அதில் கட்டம் இல்லை.
கையெழுத்திட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்,
சேர்ந்து அல்ல.

குமிழை மறந்து விட்டுவிட்டார்கள்.
மேசையில் அது எரிந்துகொண்டிருந்தது.
தாள்களை அடுக்கி முடித்தபோதுதான் கவனித்தேன்:
இவ்வளவு நேரமும்
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறேன்.